‘ரெண்டு பேட்டரி ஃப்ரீ’: கார்ட்லெஸ் ப்ளோயர் ஆஃபர் உண்மையிலேயே லாபமா?

ஆயுத பூஜை, தீபாவளி நெருங்கினாலே ஷாப்பிங் ஆப்களில் சுத்தம் செய்யும் கருவிகளுக்குத் தள்ளுபடி களைகட்டும். அதில் அடிக்கடி கண்ணில் படுவது கார்ட்லெஸ் ப்ளோயர். கம்ப்யூட்டருக்குள் படிந்த தூசி, ஏசி அவுட்டோர் யூனிட், கார் சீட் இடுக்கு, மொட்டை மாடிச் சருகு என எல்லாத்தையும் ஊதித் தள்ளும். ‘ஒரு ப்ளோயர், ரெண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், 60% தள்ளுபடி’ என்று பார்த்ததும் விரல் தானாக ‘பை நவ்’ பக்கம் போகும்.

கொஞ்சம் பொறுங்க. இந்த மாதிரி காம்போவில் நாம் காசு கொடுப்பது ப்ளோயருக்கு அல்ல, பேட்டரிக்கு என்பதே என் கருத்து. ப்ளோயர் என்பது ஒரு மோட்டார், ஒரு விசிறி, ஒரு பிளாஸ்டிக் கூடு. அதன் விலை, ஆயுள், ஆபத்து மூன்றையும் பெரும்பாலும் முடிவு செய்வது பேட்டரிதான். எனவே ஆஃபரையும் பேட்டரியை வைத்தே எடைபோட வேண்டும்.

வாட்-ஹவர் கணக்கு

வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் கிடைப்பது வாட்-ஹவர். பேட்டரிக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 36 வாட்-ஹவர். அதே 18 வோல்ட்டில் 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72.

காம்போ விலையை மொத்த வாட்-ஹவரால் வகுத்துப் பாருங்கள். இரண்டு ஆஃபர்களை ஒப்பிட, ‘எம்.ஆர்.பி’யை அடித்துக் காட்டும் சதவீதத்தைவிட இது எவ்வளவோ நம்பகமானது. ஆனால், அதற்கு முன் அட்டையில் போட்டிருக்கும் எண்கள் நிஜமா என்று பார்க்க வேண்டும்.

எண்களில் நடக்கும் விளையாட்டு

லித்தியம்-அயான் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் சராசரி 18 வோல்ட், முழு சார்ஜில் 21 வோல்ட். ஆக, ‘18 வோல்ட்’, ‘20 வோல்ட் மேக்ஸ்’, ‘21 வோல்ட்’ எல்லாம் பொதுவாக ஒரே ரக பேட்டரிதான். 21 என்பதால் பவர் கூடிவிடாது. பெயர் தெரியாத சில பிராண்டுகள் ‘48 விஎஃப்’, ‘88 விஎஃப்’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது வோல்ட் கணக்கே அல்ல.

அடுத்தது ஆம்பியர்-ஹவர். வரிசையாக இணைத்தால் வோல்ட் கூடும்; ஆம்பியர்-ஹவர் கூடாது. ஆனாலும் 1,500 எம்ஏஎச் செல்கள் ஐந்தைப் போட்டு, ‘7,500 எம்ஏஎச்’ என்று விற்பது உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, எடை. பரவலாகப் பயன்படும் 18650 ரக செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். அதன் கொள்ளளவு அதிகபட்சம் 3.5 ஆம்பியர்-ஹவரைச் சுற்றித்தான். அப்படியானால் 18 வோல்ட், 6 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு இத்தகைய செல்கள் 10 வேண்டும். செல்களே 450 கிராம் வரும். பேட்டரி மொத்தமே 300 கிராம் என்றால், அந்த ‘6’ வெறும் ஸ்டிக்கர்.

ரெண்டு சின்னதா, ஒண்ணு பெருசா?

டிரில் மிஷின் சில விநாடிகள் ஓடும், நிற்கும். ப்ளோயர் அப்படியல்ல, பட்டனை அழுத்தியதிலிருந்து விடும்வரை பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 300 வாட் இழுக்கும் ப்ளோயர் என்று வைத்துக்கொள்வோம். 36 வாட்-ஹவர் பேட்டரி சுமார் 7 நிமிடம்தான் தாங்கும். அப்போது அதிலிருந்து கிட்டத்தட்ட 17 ஆம்பியர் வெளியேறும். ஐந்தே செல் உள்ள பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் அந்தச் சுமையை முழுசா சுமக்கும், சூடாகும், சீக்கிரம் தேயும். 10 செல் உள்ள பேட்டரியில் அந்தச் சுமை பாதியாகிவிடும்.

அதனால் 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ரெண்டைவிட, 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று ப்ளோயருக்கு நல்லது. மொத்த ஆற்றல் ஒன்றுதான் என்றாலும் உழைப்பு வேறு. ‘ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சார்ஜ் ஆகுமே’ என்று கேட்கலாம். 7 நிமிடத்தில் தீர்வது, சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் கேட்டால் அந்தக் கணக்கு ஒத்துவராது.

சுத்தம் செய்ய ஃபுல் ஸ்பீடு எப்போதும் தேவைப்படாது. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதற்குத் தேவையான பவர் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது, இரண்டாவது பேட்டரியைவிடப் பயன் தரும்.

யார் வாங்கலாம்?

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிராண்டின் 18 வோல்ட் டிரில் இருந்தால், அதே பிராண்டில் பேட்டரி இல்லாத ‘பேர் டூல்’ ப்ளோயரை மட்டும் வாங்குங்கள். பாஷ், மகிட்டா, டிவால்ட் பேட்டரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. முதல் காம்போவோடு அடுத்தடுத்து வாங்கப்போகும் கருவிகளின் பிராண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை, ப்ளக் பாயின்ட் பக்கத்திலேயே வேலை என்றால் ஒயர் வைத்த ப்ளோயரே போதும். விலை குறைவு, காற்று அதிகம், ‘சார்ஜ் இல்லையே’ என்ற தொல்லையும் இல்லை. பேட்டரிக்கோ பயன்படுத்தாமல் வைத்தாலும் வயசாகும். முழு சார்ஜில் நம்ம ஊர் வெயில் சூட்டில் கிடந்தால் இன்னும் வேகமாக.

மாடி, கார் பார்க்கிங், தோட்டம் என்று ஒயர் எட்டாத இடங்களில் அடிக்கடி வேலை இருப்பவர்களுக்கு கார்ட்லெஸ் காம்போ நிச்சயம் பயன்படும். ஆனால் பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கருவிக்குத் தரும் வாரன்டி பேட்டரிக்கும் சார்ஜருக்கும் உண்டா? ஐஎஸ் 16046 தரத்துக்கான பிஐஎஸ் பதிவு எண் பேட்டரியில் இருக்கிறதா? அதே பேட்டரி தனியாகவும் விற்பனையில் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், பேட்டரி சாகும் அன்று ப்ளோயரும் குப்பைதான். அதையும் சாதாரணக் குப்பைத்தொட்டியில் போட முடியாது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. முகவரியே தெரியாத பிராண்டிடம் அதை எப்படிக் கேட்பது?

தள்ளுபடி சதவீதம் அடுத்த பண்டிகைக்கும் வரும். வாட்-ஹவருக்கு என்ன விலை, மாற்று பேட்டரி கிடைக்குமா என்ற ரெண்டு கேள்விக்கும் திருப்தியான பதில் கிடைக்கும் ஆஃபரை மட்டும் கார்ட்டில் போடுங்கள்.