தடயம் பொலிஸின் கையில் இருக்கக் கூடாது

இலங்கை நீதி அமைச்சர் அவர்களுக்கு,

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தான் எழுதுகிறேன். எங்கள் பகுதியை ஒட்டித்தான் உச்சார்தோனே சிறை இருக்கிறது. மாஃபியாக்காரரை நூற்றுக்கணக்கில் நிறுத்தி 1986இல் விசாரணை தொடங்கிய நீதிமன்றமும் அதன் பக்கத்திலேயே.

இந்நகரின் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் பாவ்லோ ஜாக்கோனேயின் பெயர். சட்ட மருத்துவப் பேராசிரியர் அவர். 1981 நத்தார் தினத்தில் பகேரியாவில் நடந்த கொலைகளில் கிடைத்த கைரேகை, மாஃபியாத் தலைவன் ஒருவனின் உறவினனுடையது என்று கண்டுபிடித்தார். அறிக்கையை மாற்றச் சொல்லி நெருக்கினார்கள். அவர் மாற்றவில்லை. 1982 ஆகஸ்ட் 11 காலை, வேலைக்குப் போகும்போது அந்த ஆஸ்பத்திரி வளவிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

உண்மை எழுத ஒருவர் உயிரையே கொடுக்கவேண்டியிருந்தால், அந்த மனிதரைப் போற்றிவிட்டு அமைப்பை அப்படியே விட்டுவிட முடியுமா?

எங்கள் நாட்டைப் பாருங்கள். தடயம் சேகரிப்பவர் பொலிஸ். உடலைப் பரிசோதிக்கும் சட்ட மருத்துவ அதிகாரி சுகாதார அமைச்சின் ஊழியர். தடயவியலில் இவர்கள் பிழைவிட்டால் கேட்பதற்கென்று தனியான சுயாதீன ஆணைக்குழு இல்லை. ரக்பி வீரர் வசீம் தாஜூதீன் 2012 மே மாதம் இறந்தபோது விபத்து என்றார்கள். 2015இல் உடலைத் தோண்டி மறுபடி பரிசோதித்தார்கள். 2016இல் அது கொலை என்று நீதவான் அறிவித்தார். முதல் பரிசோதனையில் எடுத்த எலும்புகள் சில காணாமல் போயிருந்தன. பெயர் தெரிந்த வீரருக்கே இந்தக் கதி. புதைகுழியில் கிடக்கும் பெயரற்ற எங்கள் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

மன்னார் புதைகுழியின் ஆறு எலும்பு மாதிரிகளை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினீர்கள். பல நூற்றாண்டு பழையவை என்று 2019இல் அறிக்கை வந்தது. காணாமல் போனோரின் உறவுகளுக்கு மனம் ஆறவில்லை. அந்த ஆய்வுகூடத்தை நான் குறைசொல்லவில்லை; மாதிரிகளைத் தெரிவுசெய்வதிலிருந்து முத்திரையிடுவது வரை ஒவ்வொரு படியையும் பொலிஸுக்கும் அமைச்சுக்கும் வெளியே நின்று பார்க்க ஒரு நிறுவனம் இருந்திருந்தால், சரியான முடிவையாவது அந்தச் சனம் நம்பியிருக்கும். இங்கிலாந்தில் தடயவியலைக் கண்காணிக்கும் அதிகாரிக்கு 2021இல் சட்டமே இயற்றினார்கள்.

யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியிலும் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளின் எலும்புகளும் அவற்றில் உண்டு.

தடயவியலுக்குச் சுயாதீன ஆணைக்குழு ஒன்றைச் சட்டத்தால் அமையுங்கள். தம் சொந்த நிபுணரைக் கொண்டு மறுபரிசோதனை செய்யும் உரிமையைக் குடும்பங்களுக்குக் கொடுங்கள். செம்மணியின் இறுதி அறிக்கைக்கு முன்னரே இதைச் செய்யுங்கள்.