இரவல் நாவால் அறிவுத் தலைமையா?

தமிழ்நாட்டை ஆள வந்தோர் எக்கட்சியினராயினும், ஒரு முழக்கத்தில் மட்டும் ஒன்றுபட்டே நின்றுள்ளனர். உழவையும் நெசவையும் ஆலைத்தொழிலையும் மட்டுமே நம்பியிராது, அறிவையும் புத்தாக்கத்தையும் முதலாக வைத்து நாட்டின் பொருளியலைப் பன்முகப்படுத்துவோம் என்பதே அம்முழக்கம். 2012-இல் வெளியிடப்பட்ட ‘தொலைநோக்கு 2023’ என்னும் திட்டம், 15 இலக்கம் கோடி உருபா முதலீட்டைக் கணக்கிட்டு, தமிழ்நாட்டை இந்தியாவின் அறிவுத் தலைநகராகவும் புத்தாக்க நடுவமாகவும் ஆக்கிக் காட்டுவதாகக் கூறிற்று. 2021-இல் அமைந்த அரசோ, 2030-ஆம் ஆண்டிற்குள் ஓர் இலக்கம் கோடி தாலர் பொருளியல் என்னும் குறியை நாட்டிற்று. ஆட்சி மாறிற்று, எண்ணும் மாறிற்று. ஆனால், அவ்வறிவு எம்மொழியில் விளைதல் வேண்டும் என்னும் வினா மட்டும் அத்திட்டங்களின் நடுவிடத்தில் வைக்கப்படவே இல்லை.

இவ்வினாவை மொழிப்பற்றாளரின் உணர்ச்சிக் கூச்சலெனத் தள்ளிவிடுவோர் உளர். இது பொருளியல் வினாவே. அறிவு கப்பலில் வந்திறங்கும் சரக்கன்று. கருவியைக் கையில் எடுத்தவன், அஃது ஏன் இவ்வாறு இயங்குகின்றது, வேறெவ்வாறு இயக்கலாம் எனத் தன்னுள்ளே கேட்டுக்கொள்ளும்போதே புத்தாக்கம் பிறக்கின்றது. தன்னுள்ளே கேட்கும் அவ்வினா தாய்மொழியிலேயே எழும். 1937-இல் கோவையில் மின்னோடி உருவாக்கியோருள் ஒருவரான கோ.து. நாயுடு, பள்ளிக் கல்வியை இடையில் விட்டவர். பொறியைப் பிரித்துப் பார்த்துப் பொறியியல் கற்றவர். அவருக்குப் பட்டமும் இல்லை, அறிவுத் தலைநகரென்னும் பட்டயமும் தேவைப்படவில்லை.

சென்னைக்குத் தெற்கே மறைமலை நகர் என்றோர் ஊர் உளது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அங்கே அமெரிக்கப் போர்டு நிறுவனத்தின் சீருந்து ஆலை எழுந்தது. இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் தொழிலாளர் கைகள் அங்கே சீருந்துகளை உருவாக்கின. 2021-இல் இந்தியாவில் சீருந்து ஆக்கத்தை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2022-இல் ஆலை ஓய்ந்தது. 2024-இல் அவ்வாலையை மீண்டும் இயக்க விருப்பம் தெரிவித்தது. போவதும் அவர் விருப்பம். வருவதும் அவர் விருப்பம்! திருப்பெரும்புதூரில் 2006-இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையும் 2014-இல் மூடப்பட்டது. கதவுகள் சாத்தப்பட்டபோது தொழிலாளியிடம் எஞ்சியது யாது? வரைபடம் அவனுடையதன்று, காப்புரிமையும் அவனுடையதன்று. ஒரு பொறியின் ஓருறுப்பை விரைந்து பூட்டும் கைப்பழக்கமே அவனோடு வீடு சென்றது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் பெருகிய மென்பொருள் தொழிலிலும், தமிழ் இளைஞர் எழுதும் நிரல்களில் பெரும்பகுதி அயல்நாட்டு நிறுவனங்களுக்கே உரியதாகின்றது. இதற்குப் பெயர் அறிவுப் பொருளியலா, அறிவுக் கூலியா?

தமிழில் அறிவியற் சொற்கள் இல்லை என்பது பழம்பாட்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், பின்னர் மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். அயலவர் ஒருவர்க்குக் கிட்டிய சொற்கள், தமிழ்ப் பேராசிரியர்க்கும் அமைச்சர்க்கும் கிட்டாமற் போனமை யாங்ஙனம்?

இசுரேல் நாடு அமையுமுன்னரே, ஐபா நகரில் தெக்னியோன் என்னும் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவ முனைந்தோர், 1913-இல் செருமன் மொழியிலேயே அறிவியல் கற்பிக்க முடிவு செய்தனர். எபிரேயம் அதற்குப் போதாது என்பது அவர் கூற்று. ஆசிரியரும் மாணவரும் கிளர்ந்தெழுந்தனர், முடிவு மாறிற்று. 1924-இல் அங்கு வகுப்புகள் தொடங்கியபோது பயிற்றுமொழி எபிரேயமாகவே இருந்தது. பன்னூறாண்டுகள் பேச்சு வழக்கொழிந்து கிடந்த மொழியால் இயன்றது, ஒரு நாளும் வழக்கொழியாத தமிழால் இயலாதா?

ஆங்கிலமின்றி உலக வணிகம் இல்லை என்பர். ஆங்கிலத்தைக் கற்க வேண்டாவென எவரும் தடுத்திலர். சப்பானியரும் கொரியரும் தத்தம் மொழியில் பொறியியல் கற்றே உலகச் சந்தையில் விற்கின்றனர். ஆங்கிலம் சாளரமாக இருக்கட்டும். வீட்டுக்குள் நுழையும் ஒரே வாயிலாக அதனை ஆக்கியதே கேடு. அவ்வாயிலில் சிற்றூர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுகின்றனர். அவர்தம் கூர்மதி அரசின் கணக்கேட்டில் எந்த இழப்பாகவும் எழுதப்படுவதில்லை.

தமிழ்வழிப் பொறியியலுக்கு நேர்ந்ததே இதற்குச் சான்று. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கிற்று. 2023 மே திங்களில், உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழவே, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சேர்வோர் குறைவு என்பது சொல்லப்பட்ட கரணியம். தமிழில் பயின்றோர்க்கு 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளோடு நின்றுவிட்டது. தனியார் நிறுவனங்களின் நேர்காணலோ ஆங்கிலத்தில் நடக்கின்றது. வேரில் நீர் ஊற்றாதவன், மரம் காய்க்கவில்லையென அதனை வெட்டப் புறப்பட்ட கதையே இது.

செய்யத்தக்கன தெளிவானவை. அரசின் நிலத்தையும் வரிச்சலுகையையும் பெறும் ஒவ்வொரு நிறுவனமும், தொழிலாளர்க்குரிய பயிற்சியையும் கையேடுகளையும் தமிழில் தருதல் வேண்டும். தமிழ்வழிப் பொறியியல், மேற்பட்டத்திற்கும் ஆராய்ச்சிக்கும் விரிதல் வேண்டும். புத்தாக்கத்திற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, தமிழில் நூலும் கருவியும் படைப்போர்க்குச் செல்லுதல் வேண்டும்.

இவற்றைச் செய்யாது அறிவுத் தலைமை பேசுவது, அயலான் களஞ்சியத்திற்குக் காவலிருந்துகொண்டு தன்னைச் செல்வனெனச் சாற்றுவதாகும். களஞ்சியம் தமிழனுடையதாதல் வேண்டுமாயின், விதைப்பு தமிழில் நிகழ்ந்தாக வேண்டும்.