கிளட்ச் மிதிச்சாத்தான் டிரைவரா?

"ஆட்டோமேட்டிக் வண்டியில கண்ட்ரோல் நம்ம கையில இருக்காதுப்பா."

கார் இருக்கிற எந்த வீட்டுலயாவது இந்த வசனத்தைச் சொல்லாத ஒரு ஆம்பளையைக் காட்டுங்க பார்க்கலாம். டீக்கடை, கல்யாண மண்டபம், ஆபீஸ் பார்க்கிங்னு எங்கே கார் பேச்சு எடுத்தாலும் ரெண்டாவது நிமிஷம் இது வந்து விழும். கூடவே ஒரு இணைப்பு: "அதெல்லாம் லேடீஸ் ஓட்டுறது." இந்த ரெண்டு வாக்கியத்தையும் போட்டு உடைக்கிறதுதான் இந்தப் பதிவோட நோக்கம். சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க.

என்னைப் பத்தி ஒரு வரி. மெக்கானிக்கல் படிச்சுட்டு, பெங்களூர்ல பொட்டி தட்டுற ஆயிரக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். எந்த கார் கம்பெனிக்கும் ஆள் பிடிக்கலை. சொந்த ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில, மலைக்கு மேற்குப் பக்கம். இந்த ஊர்ப் பேர் சும்மா வரலை, அப்புறம் சொல்றேன்.

முதல்ல, கண்ட்ரோல்னா என்ன? வண்டி எந்தப் பக்கம் போகணும், எவ்வளவு வேகமா போகணும், எப்போ நிக்கணும். இந்த மூணுதான். இதுக்கு ஸ்டீயரிங், ஆக்சிலேட்டர், பிரேக்னு மூணு சாமான் இருக்கு. மூணும் எல்லா வண்டியிலயும் உங்க கைக்கும் காலுக்கும்தான் கட்டுப்பட்டிருக்கு. அப்போ கிளட்ச் எதுக்கு? பெட்ரோல், டீசல் இன்ஜினுக்கு ஒரு பலவீனம் இருக்கு. நிமிஷத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுத்துக்குக் கீழே போனா அது செத்துடும். நின்ன இடத்துலேர்ந்து இழுக்கத் தெரியாது. அதனால அதைச் சக்கரத்துலேர்ந்து பிரிக்கிறதுக்கு ஒரு கிளட்ச், அது தெம்பா இருக்கிற சுத்துலயே வெச்சுக்கிறதுக்கு நாலஞ்சு கியர். ஆக நீங்க கிளட்ச் மிதிக்கிறது வண்டியை ஆளுறதுக்கு இல்லை சார், இன்ஜினோட நோய்க்குப் பத்தியம் பார்க்கிறதுக்கு! எலக்ட்ரிக் மோட்டாருக்கு இந்த நோய் கிடையாது. சுழியத்துலேர்ந்தே முழு இழுவை கொடுக்கும். அதனாலதான் நாம வாங்குற எலக்ட்ரிக் கார்கள்ல மாத்துறதுக்குக் கியரும் இல்லை, மிதிக்கக் கிளட்சும் இல்லை. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடியிலேர்ந்து 120 மின்சார பஸ்ஸை ரோட்டுல இறக்கிச்சு. அதை ஓட்டுறவங்ககிட்ட போய் "அண்ணே, உங்களுக்குக் கண்ட்ரோல் இல்லை"ன்னு சொல்லிப் பாருங்க.

கொஞ்சம் வரலாறு. 1908-ல ஃபோர்டு மாடல் டி வந்துச்சு. அதுல ஆக்சிலேட்டர் பெடலே கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு குச்சி, அதுதான் வேகத்துக்கு. இடது பக்கம் இன்னொரு குச்சி. ஸ்பார்க் எந்த நேரத்துல விழணும்னு டிரைவரே கையால தள்ளித் தள்ளி வெச்சுக்கணும். ஸ்டார்ட் பண்ண முன்னாடி போய் ஹேண்டில் சுத்தணும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைச்சா மணிக்கட்டு காலி. 1912-ல கேடிலாக் கார்ல எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்துச்சு. 1928-ல அதே கம்பெனி சிங்க்ரோமெஷ் கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கியர் மாத்தவும் இன்ஜின் வேகத்தைக் காதால கேட்டு, ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கணும். இப்போ சொல்லுங்க. ஸ்பார்க்கை கையால தள்ளுற உரிமை போயிடுச்சேன்னு யாராவது அழறீங்களா? உங்க வண்டியில ஸ்பார்க்கை ஒரு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது, பெட்ரோல் எவ்வளவுங்கறதை ஒரு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது, சக்கரம் பூட்டிக்காம ஏ.பி.எஸ். பார்த்துக்குது. அதெல்லாம் பரவாயில்லை, ஆனா இடது கால் கிளட்ச் மட்டும் வீரத்தோட கடைசிக் கோட்டை! நம்ம பாஷையில சொன்னா, மெமரியை நானே அலகேட் பண்ணி நானே ஃப்ரீ பண்ணினாத்தான் புரோகிராமர்னு சொல்ற கூட்டம் மாதிரி இது. அந்தக் கூட்டத்தோட கோடுல எத்தனை மெமரி லீக் இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாதா?

சரி, ரேஸ் கார்? 1989-ல பிரேசில்ல நைஜல் மேன்செல் ஃபெராரியில ஜெயிச்சப்பவே கியர் மாத்துறது ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி இருந்த துடுப்புக்கு வந்தாச்சு. நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினப்ப, அவர் காலடியில கிளட்ச் பெடல் கிடையாது. "ஆனா எந்தக் கியர்ங்கறதை அவர்தானே முடிவு பண்ணினார்"னு யாராவது கேப்பீங்க. நல்ல கேள்வி. அதைத்தான் நானும் சொல்றேன். எந்தக் கியர்ங்கற முடிவு வேற, கிளட்ச் மிதிக்கிற உடம்பு உழைப்பு வேற. முதலாவதுல கொஞ்சம் கண்ட்ரோல் இருக்கு, ரெண்டாவதுல முட்டி வலிதான் இருக்கு. 2020-ல ஹூண்டாய் வென்யூல ஐ.எம்.டி.ன்னு ஒண்ணு வந்துச்சு. கியர் ராடு உண்டு, கிளட்ச் பெடல் இல்லை. ரெண்டையும் பிரிச்சுக் காட்டினதுக்கு அந்த வண்டிக்கு ஒரு நன்றி.

இப்போ ஊருக்கு வர்றேன். கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி, தீபம்னா வண்டிகளைத் தடுத்துடுவாங்க. மத்த நாள்ல? தினமும் ஜனங்க நடக்கறாங்க. ராத்திரி பத்து மணிக்கும் நடக்கறாங்க, விடியக்காலை மூணு மணிக்கும் நடக்கறாங்க. வெறுங்கால்ல. மலையை வலப்பக்கம் வெச்சு, ரோட்டுக்கு இடது ஓரமா போறதுதான் வழக்கம். மலைப் பக்கம் சித்தர்கள் நடக்கறதா ஐதீகம். இதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு, யோசிச்சுப் பாருங்க. நம்ம நாட்டுல வண்டியும் இடது பக்கம்தான். அப்படின்னா நடக்கிறவங்க முதுகைக் காட்டிக்கிட்டு நடக்கறாங்க. பின்னாடி வர்ற கார் அவங்களுக்குத் தெரியாது. சாது ஒருத்தர் ஓரமா படுத்திருப்பார். குழந்தை அப்பா கையை விட்டுட்டு ஓடும். நாய் குறுக்கே வரும். இங்கே யாரோட உயிரும் உங்க கிளட்ச் திறமையில இல்லை, உங்க கண்ணுல இருக்கு.

கணக்கு போடுவோம். 30 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 8 மீட்டருக்கு மேல. ஆபத்தைப் பார்த்து, புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக ஒண்ணரை நொடின்னு வெச்சா, பிரேக் பிடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வண்டி 12 மீட்டர் போயிடும். 50-ல வந்தா 20 மீட்டரைத் தாண்டிடும். அடி அண்ணாமலைக் கூட்டத்துல ஊர்ந்து போற மானுவல் டிரைவர் என்ன பண்றார்? ரெண்டு காலுக்கு மூணு பெடல். இடது கை ஒண்ணாவது, ரெண்டாவது, மறுபடி ஒண்ணாவது. ஹாஃப் கிளட்ச்சுலயே கால் மைல். வண்டி ஆஃப் ஆயிடுமோங்கற கவலை வேற. பழகினவருக்கு இது தன்னால நடக்கும், ஒத்துக்கறேன். பழகாதவருக்கு பாதி மூளை காலுக்குப் போயிடும். அந்தப் பாதி மூளை ரோட்டுல இருந்திருக்க வேண்டியது.

எங்க சித்தப்பா பல வருஷம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர். அவர்கிட்ட இதைச் சொன்னேன்.

"டேய் தம்பி, கியர் மாத்துறவன் முழிச்சிருப்பான். மாத்தாதவன் தூங்கிடுவான், இல்ல போன் நோண்டுவான்."

"சித்தப்பா, நம்ம ரோட்டுல போன் பேசிக்கிட்டு போறவங்க எல்லாம் ஆட்டோமேட்டிக்கா ஓட்டுறாங்க? தோள்ல போனை இடுக்கிக்கிட்டு கியர் மாத்துறவங்களை நீங்க பார்த்ததே இல்லையா?"

அதுக்கு அவர், "உன்கிட்ட பேச முடியாதுடா"ன்னு எழுந்து போயிட்டார் :-)

கையில போன் வெச்சு ஓட்டுறதை 2019 திருத்தத்துல ஆபத்தான ஓட்டுதல் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. அதுல கியர் வண்டி, கியர் இல்லாத வண்டின்னு பேதம் எதுவும் இல்லை.

எதிர்த்தரப்புக்கு நியாயமே இல்லைன்னு சொல்ல வரலை. மூணு விஷயம் நிஜம்.

ஒண்ணு, மலை இறக்கம். நம்ம ஜவ்வாது மலை ஆகட்டும், 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலை ஆகட்டும், இறங்கும்போது ரெண்டாவது கியர்ல இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா அது சூடேறி, கடைசியில பிடிக்காமயே போயிடும். ஆட்டோமேட்டிக்கை சும்மா டி-யில போட்டு இறங்கினா இந்த ஆபத்து உண்டு. ஆனா முக்கால்வாசி வண்டியில எல், 2, எம்னு ஏதோ ஒரு எழுத்து அதே ராடு பக்கத்துல இருக்கு. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. எலக்ட்ரிக் கார்ல மோட்டாரே பிரேக் வேலை செய்யும். ஆனா மலை உச்சியில நூறு சதவீதம் சார்ஜ் ஏத்திட்டு இறங்கினா, பேட்டரி வாங்கிக்க இடமில்லாம அந்தப் பிடி குறைஞ்சுடும். இதையும் யாரும் சொல்லித் தர்றதில்லை.

ரெண்டு, ஆட்டோமேட்டிக்னு ஒரே சாமான் கிடையாது. 2014-ல மாருதி செலேரியோவுல வந்து பரவின ஏ.எம்.டி., உள்ளுக்குள்ள சாதாரண மானுவல் பெட்டிதான். கிளட்ச்சை ஒரு இயந்திரம் மிதிக்குது, அவ்வளவுதான். அதை மேட்டுல ஆக்சிலேட்டராலயே நிறுத்திப் பிடிச்சா கிளட்ச் கருகிடும். மேட்டுல நின்னா பிரேக், இல்லேன்னா ஹேண்ட் பிரேக்.

மூணு, இதுதான் பெரிசு. மானுவல்ல தடுமாறினா பெரும்பாலும் வண்டி ஆஃப் ஆகி நிக்கும். ஆட்டோமேட்டிக்ல பிரேக்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சா பாய்ஞ்சுடும். 2019 ஏப்ரல்ல டோக்கியோ இகெபுகுரோவுல 87 வயசுக்காரர் ஒருத்தர் இப்படி மிதிச்சு, ஒரு தாயும் மூணு வயசு மகளும் செத்துப் போனாங்க. 1980-கள்ல அமெரிக்காவுல ஆடி 5000 கார் தானா பாயுதுன்னு பெரிய ரகளை. 1989-ல அரசு ஆய்வு சொன்ன முக்கியக் காரணம் பெடல் மாறி மிதிச்சதுதான். பிரேக் மிதிச்சாத்தான் பி-யிலேர்ந்து ராடு நகரும்ங்கற பூட்டு அப்போதான் பரவலாச்சு.

ஆக, ஆட்டோமேட்டிக்கோட ஆபத்து "கண்ட்ரோல் இல்லை"ங்கறது இல்லை. தப்பா மிதிச்சாலும் அப்படியே கீழ்ப்படியும்ங்கறதுதான் ஆபத்து. அதுக்கு மருந்து பயிற்சி. வலது கால் மட்டும்தான் வேலை செய்யணும், இடது கால் சும்மா இருக்கணும். இறக்கத்துல நியூட்ரல் போடக்கூடாது. நிறுத்தினா முதல்ல ஹேண்ட் பிரேக், அப்புறம் பி. மொத்தம் ஒரு வாரப் பாடம்.

அந்தப் பாடம் எங்கே கிடைக்குது? எங்க அம்மா ரிட்டையர்டு டீச்சர். இடது முட்டி தேய்மானம், கிளட்ச்சை அழுத்த முடியாது. அறுபது வயசுல கார் கத்துக்க ஆசைப்பட்டாங்க. ஒரு டிரைவிங் ஸ்கூல்ல போய்க் கேட்டோம். "ஆட்டோமேட்டிக் எல்லாம் இல்லைம்மா. முதல்ல கிளட்ச் பழகுங்க, அதுதான் டிரைவிங். முடியலைன்னா பையனை ஓட்டச் சொல்லுங்க." நான் பெங்களூர்ல இருக்கேன். ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா, பையன் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்து எப்படி ஓட்டுறது?

வேடிக்கை என்னன்னா சட்டம் இவங்களை விடப் பெருந்தன்மையா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்துல டூவீலருக்குத்தான் கியர் உள்ளது, கியர் இல்லாததுன்னு தனித்தனி வகை. காருக்கு எல்.எம்.வி.ன்னு ஒரே வகை. "ஆட்டோமேட்டிக் பழகினவங்க மானுவலைத் தொட்டா ஆபத்து"ன்னு சொல்றீங்களா? நியாயம். சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம ஆளுங்களைக் கேளுங்க, 3-ஏ லைசன்ஸ்னா ஆட்டோமேட்டிக் மட்டும். ஜப்பான்ல 1991-லேர்ந்து அப்படி ஒரு வகை இருக்கு. இங்கேயும் கொண்டு வாங்க, நான் முதல் ஆளா கை தூக்கறேன். அதை விட்டுட்டு, இடது கால் ஊனமானவங்க, முட்டி தேய்ஞ்சவங்க எல்லாரையும் "உனக்கு இது வராது"ன்னு வாசல்லயே நிறுத்துறது என்ன கண்ட்ரோல்? வண்டி மேல உள்ள கண்ட்ரோல் மாதிரித் தெரியலை. சாவி யார் கையில இருக்கணும்ங்கற கண்ட்ரோல் மாதிரித்தான் தெரியுது.

"லேடீஸ் ஓட்டுறது"ன்னு சிரிக்கிறவங்களுக்கும் அதான் பதில். லேடீஸ் ஓட்டத்தான் போறாங்க. அதுக்குத்தான் உங்களுக்கு வயித்தெரிச்சல்.

மானுவல் ஓட்டப் பிடிக்குதா, சந்தோஷமா ஓட்டுங்க. எனக்கும் பிடிக்கும். காலி ரோட்டுல மூணாவதுலேர்ந்து நாலாவதுக்கு மாத்துற சுகமே தனி. அதுக்குச் சுகம்னு பேர் வைங்க, திறமைன்னு வைங்க. பாதுகாப்புன்னு மட்டும் பேர் வைக்காதீங்க. அடுத்த தடவை எங்க ஊர் ரோட்டுல வரும்போது எந்தக் கியர்ல வர்றீங்கன்னு நடக்கிறவங்க யாரும் கேட்க மாட்டாங்க. 20-ல வாங்க, ஹாரனைக் குறைங்க, முன்னாடி தெரியற முதுகுகளைப் பாருங்க. கண்ட்ரோல்னா அதுதான்.

டிஸ்கி: சித்தப்பாவுக்கு இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டப் போறதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகணும், சோறு முக்கியம்.