நம்பருக்கு வாடகை

கொஞ்சம் நீளமான த்ரெட். மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கும் வீடுகளும், வெளிநாடு கிளம்பப் போகிறவர்களும் கட்டாயம் முழுசாப் படிங்க. டாக்டருக்கு எதுக்குய்யா சிம் கார்டு விவகாரம்னு கேட்பீங்க. சொல்றேன்.

பக்கவாதத்தில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நத்தம் பக்கத்து கிராமத்தில் ராத்திரி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டவரை, வண்டி பிடிச்சு திண்டுக்கல் கொண்டுவந்து, ஸ்கேன் எடுத்து முடிக்கும்போதே அதில் பாதி போயிருக்கும். ஊசியால் ரத்தக்கசிவு வரும் ஆபத்து உண்டு, அதைச் சொல்லித்தான் கையெழுத்து கேட்போம். அப்ப அந்த வீட்டம்மா சொல்றது ஒண்ணே ஒண்ணு: "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்."

பையன் ஷார்ஜாவில். நம்பரைப் போட்டா, அழைத்த எண் உபயோகத்தில் இல்லைன்னு ஒரு பொண்ணு குரல் சொல்லுது.

வாட்ஸ்அப்ல கூப்பிடுங்கன்னு பக்கத்துல யாராவது சொல்லுவாங்க. அமீரகத்தில் வாட்ஸ்அப் வாய்ஸ் கால் எடுபடாது, அங்கே அதுக்குத் தடை. போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஆப் வேணும். அது அந்தம்மா போனில் இருக்காது. இருந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கு, கை நடுங்கும்போது, அவங்களால அதைத் தேடித் திறக்க முடியாது. (வாய்ஸ் மெசேஜ் போகும். இதை மட்டுமாவது இன்னைக்கே வீட்ல பெரியவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க.) இப்படிக் கரையற ஒவ்வொரு நிமிஷத்திலும் மூளை செல்கள் செத்துக்கிட்டே இருக்கு.

சரி, அந்தப் பையனோட இந்திய நம்பர் ஏன் செத்தது? பொறுப்பில்லாதவன்னு திட்டாதீங்க. அவன் அங்கே உள்ளூர் சிம் வச்சிருக்கான். இந்திய நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணணும்னா ஏன் பண்ணணும்னு அவனுக்குத் தோணுது. அந்தக் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு இருபது வருஷக் கதை இருக்கு.

2003 மே மாதத்துக்கு முன்னாடி, நம்ம செல்போனுக்கு யாராவது கூப்பிட்டாலே நமக்குக் காசு போகும். அப்புறம் கூப்பிடறவர்தான் கட்டணும்னு ஆச்சு, இன்கமிங் இலவசம். 2005 கடைசியில் "லைஃப்டைம்" திட்டங்கள் வந்தன. 999 ரூபாய் ஒரு தடவை கட்டினா வாழ்நாள் முழுக்க இன்கமிங். நம்மூர்ல எத்தனை அப்பத்தாக்கள் அதை நம்பி சிம் வாங்கினாங்க! 2018 அக்டோபர், நவம்பர் வாக்கில் அந்த வாழ்நாள் முடிஞ்சு போச்சு. 28 நாளுக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய் போடு, இல்லைன்னா இன்கமிங்கும் கட் என்றார்கள். 2024 ஜூலை மாதம் விலை ஏற்றிய பிறகு, பெரிய கம்பெனிகளில் 28 நாள் பேக் 189, 199 ரூபாய்னு ஆரம்பிச்சது. ஆறு வருஷத்துல 35 ரூபாய் எங்கே போய் நிக்குது பாருங்க.

அதென்ன 28 நாள்? எந்த நாட்டுக் காலண்டர்ல மாசத்துக்கு 28 நாள்? பிப்ரவரியை வச்சு வருஷத்துக்குப் பதிமூணு தடவை வசூல். ட்ராய் தலையிட்டு 2022 ஜனவரியில், ஒரு 30 நாள் பேக்காவது வச்சே ஆகணும்னு உத்தரவு போட வேண்டியிருந்தது. கடைக்காரர் அதை உங்களுக்குக் காட்டினாரா? கேட்டுப் பாருங்க.

இதோட அரசாங்கமும் பேங்க்கும் சேர்ந்து ஒரு வேலை செஞ்சாங்க. உங்க நம்பரை உங்க அடையாளமா மாத்திட்டாங்க. ஆதார், பேங்க், யூபிஐ, பிஎஃப், கேஸ் சிலிண்டர், இன்சூரன்ஸ் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்துல தொங்குது. ரேஷன் கார்டுக்கு வாடகை உண்டா? பான் கார்டுக்கு 28 நாளுக்கு ஒரு தடவை பணம் கட்டறோமா? இந்த ஒரு அடையாளத்துக்கு மட்டும் வாடகை. கட்டலைன்னா அதை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவாங்க.

மிகையா பேசலை. செயலிழந்த நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறொருத்தருக்கு ஒதுக்கலாம். இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பழைய நம்பர்ல இருக்கற தகவலைப் பத்திரமா பார்த்துக்கறது சந்தாதாரர் வேலைன்னு 2023 நவம்பரில் சொல்லி, மனுவை முடிச்சுட்டாங்க. டாக்டரா எனக்கு இதில் இன்னொரு பயம் உண்டு. லேப் ரிப்போர்ட் எல்லாம் இப்ப எஸ்எம்எஸ்லயும் வாட்ஸ்அப்லயும் போகுது. ஃபைல்ல இருக்கற பழைய நம்பரை நீங்க மாத்தலைன்னா, உங்க ரத்தப் பரிசோதனை முடிவை முன்பின் தெரியாத ஒருத்தர் படிப்பார்.

"20 ரூபாய் பேலன்ஸ் இருந்தா நம்பர் போகாதே டாக்டர்"னு சிலர் கமெண்ட்ல வருவீங்க. உண்மைதான். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் நம்பரை, 20 ரூபாய் இருப்பு இருந்தா பிடுங்கக் கூடாது, அந்த 20-ஐக் கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் நீட்டிக்கணும்னு 2013-லயே ட்ராய் விதி இருக்கு. ஆனா நம்பர் உங்க பேர்ல இருக்கறதும், அதுக்கு ஓடிபி வந்து சேர்றதும் ஒண்ணு இல்லை. பேக் தீர்ந்த பிறகு இன்கமிங்கை நிறுத்திட்டா, நம்பர் வெண்டிலேட்டர்ல இருக்கு, அவ்வளவுதான். நாடி இருக்கு, பேச்சு இல்லை.

2024 டிசம்பரில் ட்ராய் இன்னொரு உத்தரவு போட்டது. டேட்டா வேண்டாதவங்களுக்கு கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் தரணும், 365 நாள் வரைக்கும் செல்லுபடி வைக்கலாம்னு. நல்ல உத்தரவு. கம்பெனிகள் என்ன செஞ்சாங்க? 2025 ஜனவரியில் 84 நாளுக்கு 448, 469 ரூபாய்னு பேக் விட்டாங்க. வகுத்துப் பாருங்க, 28 நாளுக்கு 150 ரூபாய்க்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம். டேட்டாவே இல்லாம! அதுக்குள்ள இந்தியா முழுக்க அன்லிமிடெட் காலை அடைச்சு வச்சிருக்காங்க. ஷார்ஜாவில் இருக்கறவனுக்கு இந்தியாவுக்குள்ள அன்லிமிடெட் கால் எதுக்கு? அவனுக்குத் தேவை பேங்க்லேர்ந்து வர்ற ஆறு இலக்கம்.

அந்த ஆறு இலக்கத்தை அனுப்ப பேங்க் ஏற்கெனவே டெலிகாம் கம்பெனிக்குக் காசு கட்டுது. பல பேங்க்குகள் அதை எஸ்எம்எஸ் கட்டணம்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை உங்க கணக்குல பிடிச்சுக்குது. அதே எஸ்எம்எஸ்ஸை வாங்க நீங்க திரும்பவும் ரீசார்ஜ் பண்றீங்க. ஒரே பிரியாணிக்கு மூணு பில்.

டவர் சும்மா நிக்கலை, அலைக்கற்றைக்குக் கோடிக்கணக்கில் கட்டறோம்னு கம்பெனிகள் சொல்றதை நான் மறுக்கலை. காலுக்கும் டேட்டாவுக்கும் விலை வைங்க, தாராளமா வைங்க. ஆனா நம்பரை உயிரோட வச்சு எஸ்எம்எஸ் வாங்க மட்டும்னு, வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகையில ஒரு பேக் வேணும். அதைக் கேட்கிறதுக்குத்தான் இந்த த்ரெட்.

இதனால் அடிபடறது வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பையன் மட்டுமில்ல. மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போற நம்மூர் அம்மாக்களை நினைச்சுப் பாருங்க. ஆறு மாசம் அங்கே. இங்கே ரீசார்ஜ் பண்ண ஆளில்லை. சின்னாளபட்டியில் இறங்கி பென்ஷன் கணக்கைத் திறந்தா ஓடிபி வரலை. பேங்க்குக்குப் போனா நம்பர் மாத்த ஃபாரம், ஆதார்ல நம்பர் மாத்த இன்னொரு வரிசை. சர்க்கரையும் பிரஷரும் உள்ள அறுபத்தஞ்சு வயசு மனுஷியை இப்படி அலைய விடறோம்.

இப்ப எந்த கம்பெனி எடுக்கறதுங்கற கேள்விக்கு வர்றேன். தினமும் கேட்கறாங்க. கிரிக்கெட் மேட்ச் விளம்பரத்தைப் பார்த்தும், ஓடிடி இலவசம்னும் எடுக்காதீங்க. பெரியவர் படுக்கற அறையில், கதவு சாத்தின பிறகு, எந்த சிக்னல் நிக்குதோ அதை எடுங்க. பழைய கனமான சுவர் வீட்டுக்குள்ள வாசல்ல இருக்கற அஞ்சு கட்டம் ஒண்ணாகிடும். சிறுமலை மாதிரி மேல இருக்கறவங்க, பதினெட்டு கொண்டை ஊசி வளைவுக்கும் மேல எது பிடிக்குதுன்னு அங்கே குடியிருக்கறவங்களைக் கேட்டு எடுங்க. வீட்ல ரெண்டு போன் இருந்தா ரெண்டும் வேற வேற கம்பெனியா இருக்கட்டும்.

ஏன்னா கம்பெனியே படுத்துடலாம். ஏர்செல் நினைவிருக்கா? 1999-ல் தமிழ்நாட்டுல பிறந்த கம்பெனி, நம்மூர்ல பாதிப் பேர் கையில அதுதான். 2018 பிப்ரவரியில் திடீர்னு டவர்கள் அணைஞ்சுது. வேற கம்பெனிக்கு மாறணும்னா 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பணும். சிக்னலே இல்லாம எப்படி அனுப்பறது? தமிழ்நாடு முழுக்க ஏர்செல் கடை வாசல்ல ஜனம் நின்னுது. அந்த மாசக் கடைசியிலேயே கம்பெனி திவால் மனு போட்டது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில வச்ச வீடுகள்தான் அதிகம் தவிச்சது.

கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது. சர்வதேச ரோமிங்கை இங்கே இருக்கும்போதே ஆன் பண்ணி, அது ஓகேன்னு கம்பெனி எஸ்எம்எஸ் வர்ற வரைக்கும் விடாதீங்க. அங்கே போய் ஆன் பண்ண ஓடிபி கேட்கும், அது வராது. பொதுவா ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்கக் காசில்லை, உங்க பேக்குக்கும் அப்படித்தானான்னு கேட்டுக்கோங்க. காலை எடுத்தா காசு. டேட்டா ரோமிங்கை மட்டும் அணைச்சே வைங்க, போன் சட்டைப்பையில் தூங்கிக்கிட்டே உங்க பணத்தைத் தின்னும். இதுக்குக் கடல் தாண்டணும்னுகூட இல்லை. தனுஷ்கோடி போனவங்களைக் கேளுங்க, போன் இலங்கை டவரைப் பிடிச்சு "வெல்கம்" சொல்லும்.

கிளம்பற வாரம் சிம்மை மாத்தாதீங்க. புது சிம் போட்டதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பாங்க, மோசடியைத் தடுக்க. ஏழு நாள் போர்ட்டும் பண்ண முடியாது. கம்பெனி மாறணும்னா ஒரு மாசம் முன்னாடியே மாறுங்க. 1900-க்கு அனுப்பி வர்ற கோடு நாலு நாள்தான் செல்லும். மாத்திரை டப்பாவோட ஒரு துண்டுச் சீட்டு: என்ன நோய், என்ன மாத்திரை, எது அலர்ஜி, மகன் உள்ளூர் நம்பர். போன் சார்ஜ் போனாலும் சீட்டு பேசும். ஆம்புலன்ஸுக்கு சிங்கப்பூர்ல 995, மலேசியாவுல 999, அமீரகத்துல 998, சவூதியில 997, அமெரிக்காவுல 911. அதையும் அதுலயே எழுதுங்க.

வெளிநாட்டுல இருக்கற தம்பிகளுக்கு: உங்க அம்மா போன்ல உங்க உள்ளூர் நம்பரை நாட்டுக் கோடோட சேமிச்சுக் கொடுங்க. உங்களைப் பிடிக்க முடியலைன்னா கையெழுத்துப் போட உள்ளூர்ல ஒரு சித்தப்பாவையோ மச்சானையோ இப்பவே சொல்லி வைங்க. நோயாளியைக் காப்பாத்த வேண்டிய அவசரத்துல உங்க அனுமதிக்கு நாங்க காத்திருக்க மாட்டோம். ஆனா உங்க அம்மா மனசு காத்திருக்கும். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு இருந்தா சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உட்பட பத்து நாட்டு நம்பர்ல யூபிஐ வைக்க 2023-லயே அனுமதி கொடுத்தாச்சு. உங்க பேங்க்ல இருக்கான்னு கேளுங்க.

ஐரோப்பிய ஒன்றியத்துல 2017 ஜூன் 15 முதல் ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டுல உள்ளூர் விலைக்கே பயன்படுத்தறாங்க. கம்பெனிகள் மனமிரங்கித் தரலை, சட்டம் போட்டு வாங்கினாங்க. நமக்கும் ஒரு காலத்துல கேரளா எல்லை தாண்டினா "ரோமிங்ல இருக்கேன், வை" கதைதான். அது இப்ப இல்லை. மாறாதுன்னு நினைச்சது மாறியிருக்கு.

ட்ராய் ஒவ்வொரு விதிக்கும் முன்னாடி கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிடுது. கம்பெனிகள் வக்கீல் வச்சுப் பக்கம் பக்கமா பதில் போடறாங்க. நம்ம பக்கத்துலேர்ந்து போறது சொற்பம். அடுத்தது வரும்போது இங்கேயே சாரம் போடறேன், தமிழ்லயே எழுதி அனுப்பலாம். அதுவரைக்கும் உங்க வீட்ல நம்பர் செத்த கதை இருந்தா கீழே எழுதுங்க. எந்த வருஷம், எந்த நாடு, திரும்ப வாங்க எத்தனை நாள் அலைஞ்சீங்க, இது போதும். நம்பரைப் போடாதீங்க. சாயங்காலம் ஓபி முடிஞ்சு படிக்கிறேன்.