எந்த சாஃப்ட்வேர் சார் நல்லது?

சாமல்பட்டி ஸ்டேஷனில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, போன்ல பத்தாயிரம் போட்டோ. அக்கா கல்யாணத்தைத் தேடினா ஆட்டுக்குட்டிதான் வருது. அடுக்கி வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான் தம்பி. அழகு அப்புறம், நிலைச்சு நிற்குமா பாருங்க!

2004-ல் கூகுள் வாங்கி ஓசியில் கொடுத்த பிகாசா, 2016-ல் கைகழுவப்பட்டது. கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவசம், 2021 ஜூன் 1-ந் தேதி அம்பேல். அப்புறம் மெயிலையும் சேர்த்து 15 ஜி.பி.தான் ஓசி.

கம்ப்யூட்டர் இருந்தால் டிஜிகேம் போடலாம். இலவசம். ஆள் பெயரை போட்டோ ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கச் சொல்லலாம். நாளைக்கு சாஃப்ட்வேர் ஓடிப்போனாலும் பெயர் ஓடாது.

அதுக்கு முன்னாடி, பழைய படங்களில் யார் யார்னு பாட்டிகிட்டே கேட்டு எழுதிக்குங்க. அந்த மெமரிக்கு பேக்கப் கிடையாது!