கதையிற் கொடுமை

போரையும் கொலையையும் வன்புணர்வையும் கதைப்பொருளாகக் கொள்ளலாமா என்னும் வினா நம் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. ஆகாது என்பர் ஒரு சாரார். உள்ளதை உள்ளவாறே எழுதாதவன் எழுத்தாளனே அல்லன் என்பர் மறுசாரார். 1983 முதல் 2009 வரை போர் நடந்த நாட்டில், அதனை எழுதாதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆகவே முதற் சாராருடன் எனக்கு வழக்கில்லை. அவர்கள் காலத்தால் தோற்றவர்கள். மறுசாராரிடமே எனக்குப் பேச்சுண்டு. கொடுமையை எழுதும்போது ஆசிரியன் எங்கே நிற்கின்றான், யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றான் என்பதை அவர்கள் கேட்பதேயில்லை.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை மாணவர்க்குப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கின்றேன். தலைப்பைக் கண்டதும் அவர்கள் குருதியை எதிர்பார்ப்பர். காண்பதோ ஓர் அடுக்களை. மாதரி அளித்த மனையிற் கண்ணகி காய் அரிகின்றாள். முகம் வியர்க்கின்றது, கண் சிவக்கின்றது. வாழைக் குருத்திலே சோறிடுகின்றாள். உண்டெழுந்த கோவலன் தன் பழைய பிழைகளை எண்ணி வருந்துகின்றான். பின் அவளது சிலம்பொன்றைப் பெற்றுக்கொண்டு புறப்படுகின்றான். பொற்கொல்லன் பொய் சொல்கின்றான். அரசன் ஆராயாது ஆணையிடுகின்றான். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்றே என்று காவலர் தயங்க, பொற்கொல்லன் களவு நூலையே எடுத்து விரிக்கின்றான். அவன் எவ்வளவு நன்றாகப் பேசுகின்றான் என்பதைக் கவனிக்கவேண்டும்! ஈற்றில், கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசுகின்றான். வெட்டு விழுவதும் உடல் சாய்வதும் சில அடிகளே. அதன்மேல் துன்ப மாலை, ஊர்சூழ் வரி, வழக்குரை காதை எனக் கண்ணகியின் துயரமும் சீற்றமுமே காவியத்தை நிறைக்கின்றன.

அந்தச் சோற்றை நாம் பார்த்திராவிட்டால் அந்த வெட்டு நமக்கு நோகாது. கோவலனைக் கொன்றவர் எத்தனை பேர் என்ற கணக்கும் நமக்குத் தெரிந்திராது. வாளின் கூர்மையை இருபது வரியில் வருணிக்கும் இன்றைய கதாசிரியர், வாள் வந்த வழியைச் சொல்ல இடமின்றி நிற்கின்றார்.

இது காவிய மரபு, சிறுகதைக்கு ஒவ்வாது எனச் சிலர் கூறலாம். அவர்களை உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோவிடம் அனுப்புகின்றேன். 1947 இல் நிகழ்ந்த பிரிவினையின் கொடுமைகளை அவரைப்போல் அஞ்சாது எழுதியவர் அரியர். 'திற' என்னும் கதையில், அமிர்தசரசிலிருந்து ஓடிவந்த சிராஜுதீன் தன் மகள் சகீனாவை இழந்துவிடுகின்றார். தொண்டர் இளைஞர் எண்மர் அவளைத் தேடித்தருவதாக வாக்களிக்கின்றனர். கண்டுபிடிக்கின்றனர், உணவளிக்கின்றனர், ஒருவன் தன் மேற்சட்டையைக் கழற்றி அவளுக்குக் கொடுக்கின்றான். அவ்வளவில் மண்டோ அவர்களை விட்டுத் தந்தையிடம் திரும்பிவிடுகின்றார். கடைசியில் மருத்துவர் சன்னலைத் திறக்கச் சொல்லும்போது, உயிரற்றவள்போற் கிடந்த பெண்ணின் கைகள் தாமாகவே தன் ஆடையின் நாடாவை அவிழ்க்கின்றன. மகள் உயிரோடிருக்கின்றாள் என்று தந்தை மகிழ்ந்து கூவுகின்றார். மருத்துவருக்கு உடலெல்லாம் வியர்க்கின்றது. நடந்த செயலைப்பற்றி ஒரு வரியும் இல்லை. ஆயினும் கதையை வெளியிட்ட சஞ்சிகை ஆறு மாதம் தடைசெய்யப்பட்டது. எழுதாமல் விட்டதையுங்கூட அதிகாரிகள் வாசித்துவிட்டனர் போலும்.

அக்கதையில் இன்னொன்று உண்டு. அதுவே நமக்கு உறைக்கவேண்டியது. அந்த எண்மரும் எதிர்க்கூட்டத்தார் அல்லர். சிராஜுதீன் யாருக்காகக் கடவுளை வேண்டிக்கொண்டாரோ, அவரது சமூகத்துப் பிள்ளைகளே அவர்கள். நம் கதைகளிலோ கொடுமை எப்பொழுதும் மறுபுறத்திலிருந்தே வருகின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அதைத் தன் ஊரில் நடந்ததாக, தன் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தவனாகத் தமிழன் எழுதிய கதைகள் எத்தனை? துணிவு என்று பேசுவோர் இங்கே அதைக் காட்டலாம்.

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எனக்குக் காட்டிய கதையொன்று நினைவில் நிற்கின்றது. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கிழிந்த சீருடை இருந்தது; காயங்கள் எண்ணப்பட்டிருந்தன; அவளுக்குப் பெயர்தான் இல்லை. முதல்நாள் மாலை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன். மாணவரிடம் விடையில்லை. ஒரு மாதங் கழித்து அவர் கொணர்ந்த படியில் அவளுக்குப் பெயரும், அரைகுறையாய் நின்ற ஒரு தையல் வேலையும், கடன்பட்ட ஒரு தோழியும் இருந்தனர். இரண்டு பக்கம் மூன்று வரியாகச் சுருங்கியிருந்தது. அம்மூன்று வரியை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க இயலவில்லை.

போரில் நேர்ந்ததை எழுதுவோர்க்கு வேறொரு பொறுப்பும் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களுட் பலர் தாய்மார். அத்தாய்மாருள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நம் கதையை வாசிக்கக்கூடும். அவருடைய மகனின் ஊரும் வயதும் காணாமற்போன நாளும் பொருந்தி வர எழுதி, அவன் இன்னவாறு இறந்தான் என்று நம் கற்பனையால் முடித்துவைக்கும் கதை, எத்துணை நயமாக எழுதப்பட்டிருப்பினும், எனக்கு உடன்பாடன்று. அந்த முடிவைச் சொல்ல அரசுக்கே இன்னும் வாயெழவில்லை, நமக்கு அவசரமென்ன? ஊரையும் நாளையும் மாற்றி எழுதுக. அன்றேல் அத்தாயிடமே சென்று கேட்டு, அவர் இசைந்தால் எழுதுக. இரண்டுக்கும் மனமில்லையெனின், கதை மேசை இழுப்பறையிற் சில காலம் கிடக்கட்டும்.