மேஜைக்குள் அடங்காத மலை



இந்த வாரம் உங்களை ஒரு ரயில் பயணத்துக்கு அழைத்துப் போகிறோம். டிக்கெட் வேண்டாம். ஒரு ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் போதும்!

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகளில் சிறுவர்களும் பெரியவர்களும் வீட்டிலேயே ஒரு குட்டி ரயில் உலகத்தை உருவாக்குவார்கள். பரணிலோ காலி அறையிலோ ஒரு பலகை மேஜை போட்டு, அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், ஓட்டு வீடுகள், தேவாலயம், பைன் மரங்கள், பனி மூடிய மலை என எல்லாவற்றையும் அமைப்பார்கள். நடுவே நிஜ ரயிலைப் போலவே குட்டி ரயில் ஓடும்.

இது வெறும் பொம்மை விளையாட்டு அல்ல. இதில் எல்லாம் ஒரே கணக்குப்படி சிறியதாக வேண்டும். பெரும்பாலானோர் பயன்படுத்தும் கணக்கு 87-இல் ஒரு பங்கு. அதாவது, உண்மையில் 87 மீட்டர் நீளமுள்ள பொருள், மேஜைமேல் ஒரே ஒரு மீட்டர்!

எங்கே, நாமும் கணக்குப் போடுவோமா? ஜெர்மனியின் விரைவு ரயில் பெட்டி ஒன்றின் நீளம் 26 மீட்டர் 40 சென்டிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் சுமார் 30 செ.மீ. பத்துப் பெட்டிகளைக் கோத்தால் 3 மீட்டர். ஆனால், உங்கள் மேஜையின் நீளமோ 2 மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலே மேஜையைவிட நீளம்! 400 மீட்டர் பிளாட்பாரத்துக்கு நாலரை மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். 300 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை அப்படியே அமைத்தால், மேஜைமேல் அதன் ஆரம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். ரயில் திரும்புவதற்குள் அறையின் சுவரே வந்துவிடும்!

"அப்படியானால் நம் வீட்டில் முடியாது" என்று ஸ்கேலைக் கீழே வைத்துவிடலாமா? பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். உண்மையான வேலை தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

குட்டி ரயில் அமைப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பத்துப் பெட்டிகளுக்குப் பதில் நான்கு பெட்டிகளை ஓட்டுகிறார்கள். பிளாட்பாரத்தையும் அதற்கேற்பக் குறைக்கிறார்கள். பெரிய நகரத்து ஸ்டேஷனை விட்டுவிட்டு ஒரு மலைக்கிராமத்து ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதிரி ரயில் தயாரிக்கும் நிறுவனங்கள்கூடச் சில பெட்டிகளை 30 செ.மீ.க்குப் பதிலாக 27, 28 செ.மீ. நீளத்தில் செய்ததுண்டு.

வளைவுக்கு என்ன வழி? 36 செ.மீ. ஆரம்கொண்ட வளைவுத் தண்டவாளங்கள் கிடைக்கின்றன. ஆனால், நிஜ ரயில் அவ்வளவு குறுகலாகத் திரும்பாதே! பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே! அதனால் மேஜையின் மூலையில் ஒரு மலையைக் கட்டி, வளைவை அதற்குள் ஒளித்துவைக்கிறார்கள். ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழையும். சற்று நேரம் காணாமல் போகும். வேறு வாசல் வழியாக வெளியே வரும். "எவ்வளவு தூரம் போய்விட்டு வருகிறதோ!" என்று நம் மனம் நினைத்துக்கொள்ளும். இடம் போதாத குறைதான் அழகான மலையாக மாறிவிட்டது, பார்த்தீர்களா?

ஒரு எச்சரிக்கை! மலையின் பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இருக்க வேண்டும். ரயில் உள்ளே தடம் புரண்டால் எப்படி எடுப்பது? இதை மறந்தவர்கள், ஆசையாகக் கட்டிய மலையைத் தாங்களே அறுக்க வேண்டியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறுத்துத் திருத்துவதும் கட்டும் வேலையில் ஒரு பகுதிதான்.

நிஜப் பாதை போட்ட பொறியாளர்களும் இப்படித்தான் யோசித்தார்கள். ஜெர்மனியில் கருங்காடு என்று பொருள்படும் பெயர்கொண்ட மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி அமைந்த ரயில் பாதை, 1873-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஹோர்ன்பெர்க் என்ற ஊருக்கும் சாங்க்ட் கியோர்கன் என்ற ஊருக்கும் இடையே நேராக அளந்தால் சுமார் 11 கிலோமீட்டர்தான். ஆனால் நேராகப் போனால் ஏற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும். ரயிலால் ஏற முடியாது. கெர்விக் என்ன செய்தார்? பாதையைப் பெரிய கொண்டை ஊசிகளைப் போல வளைத்து, சுரங்கங்களுக்குள் நுழைத்து, சுமார் 26 கிலோமீட்டர் நீளமாக்கினார். அந்தப் பாதையில் 150 ஆண்டுகளைத் தாண்டியும் ரயில்கள் ஓடுகின்றன.

"எங்களிடம் பெரிய இடம் இருந்தால் இந்தக் கஷ்டமே இல்லையே" என்கிறீர்களா? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'மினியேச்சர் வுண்டர்லேண்ட்' என்ற குட்டி உலகம் இருக்கிறது. கெரிட் பிரவுன், ஃபிரெடரிக் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-ஆம் ஆண்டில் இதைத் திறந்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய மாதிரி ரயில் அமைப்பு என்று கின்னஸில் இடம் பெற்றது இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் இங்கே இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பகுதியைத் திறந்தபோது, மாட்டர்ஹார்ன் சிகரத்தையும் அதில் வைத்தார்கள். உண்மையான சிகரத்தின் உயரம் 4,478 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 51 மீட்டருக்கு மேல்! எந்தக் கட்டடத்தின் மாடிக்குள் அது அடங்கும்? இரண்டு மாடிகளுக்கு இடையே தளத்தைத் திறந்து இடம் உண்டாக்கியும், சுமார் 6 மீட்டர் உயரத்துக்குத்தான் அந்த மலையைக் கட்ட முடிந்தது. ஆனாலும் பார்ப்பவர்கள், "அதோ மாட்டர்ஹார்ன்!" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள்.

உலகிலேயே பெரிய இடத்திலும் இடம் போதவில்லை! ஆகவே, போதிய இடமோ பொருளோ வந்த பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருந்தால், யாருமே எதையும் தொடங்க முடியாது. எதை விடலாம், எதைச் சுருக்கலாம், எதை விடவே கூடாது என்று முடிவு செய்யத் தெரிந்தால் போதும்.

ஓடும் குட்டி ரயில்கள் விலை அதிகம். அதற்காக அப்பா, அம்மாவிடம் அடம் பிடிக்காதீர்கள். மலையும் ஊரும் செய்யக் காசு தேவையில்லை. பழைய அட்டைப்பெட்டி, பசையில் நனைத்த செய்தித்தாள், பச்சை வண்ணம் பூசிய மரத்தூள், காயவைத்த டீத்தூள் போதும். மரத்தூள் புல்லாகும், டீத்தூள் மண்ணாகும். கத்தரிக்கோலும் கத்தியும் பிடிக்கும்போது மட்டும் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு செருப்புப் பெட்டிக்குள் ஒரு மலையும் ஒரு சுரங்கப்பாதையும் செய்து பாருங்களேன். முதலில் அளங்கள்; பிறகு வெட்டுங்கள். சரியாக வராவிட்டால் தூக்கி எறியாதீர்கள், மாற்றிச் செய்யுங்கள். பள்ளியிலும் வாழ்க்கையிலும் போட்ட திட்டம் அப்படியே நடக்காத நாள் வரும். அன்றைக்கு உங்கள் செருப்புப் பெட்டி மலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்